கண்ணுக்குள் போடும் மூன்று ஊசிகளில் எதைத் தேர்வது? நீரிழிவு விழித்திரை வீக்க ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: கொள்ளிடக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. வலக்கண் மங்குவதாக நான்கு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நாங்களும் நம்பி, புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். எழுத்துகள் வளைந்து தெரிகின்றன, பேருந்தின் பெயர்ப் பலகையில் நடு எழுத்து மட்டும் காணாமல் போகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் விழித்திரை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். விழித்திரையின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் வலக்கண்ணின் மையப் பகுதி 480 மைக்ரான் அளவுக்கு வீங்கியிருப்பது தெரிந்தது. அந்தக் கண்ணின் பார்வை 6/24 (6/6 என்பது இயல்பு; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). இடக்கண்ணின் மையத்திலும் சிறிது வீக்கம் இருக்கிறது, ஆனால் அதன் பார்வை இன்னும் 6/6 ஆகவே உள்ளது.

கண்ணுக்குள் மாதம் ஒரு முறை ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லி, பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று மூன்று மருந்துகளின் பெயரையும் விலையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்றாவதன் விலை முதலாவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. எது நல்லது என்று கேட்டதற்கு, மூன்றுமே வேலை செய்யும், உங்கள் வசதியைப் பொறுத்து முடிவு செய்யுங்கள் என்றார். அந்தப் பதிலில் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. இணையத்தில் தேடியபோது ஓர் ஆய்வு விலை கூடியதே சிறந்தது என்கிறது. இன்னோர் ஆய்வு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்கிறது. இரண்டையும் நடத்தியது ஒரே அமைப்பு என்பதுதான் குழப்பத்தைக் கூட்டுகிறது.

இதற்கிடையில், சென்னையில் ஒரு மருத்துவமனையில் புதிய மருந்து ஒன்றுக்கான ஆய்வு நடப்பதாகவும், அதில் சேர்ந்தால் ஊசிக்குச் செலவில்லை என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்பாவோ, "என்னை வைத்துச் சோதித்துப் பார்க்கப் போகிறார்களா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இடக்கண்ணுக்கும் இப்போதே ஊசி வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: எண்ணும்எழுத்தும்

நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வுகளின் கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எனவே எந்த ஊசி போடலாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீங்கள் பார்த்த இரண்டு ஆய்வுகளும் ஏன் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை மட்டும் விளக்க முயல்கிறேன்.

முதலில் அளவுகோல். இந்த ஆய்வுகளில் பார்வையை 6/24 என்பது போல எழுதுவதில்லை. ஒரு வரிக்கு 5 எழுத்துகள் கொண்ட பலகையை வைத்து, நோயாளி எத்தனை எழுத்துகளைச் சரியாகப் படித்தார் என்று எண்ணுவார்கள். 15 எழுத்துகள் கூடுதலாகப் படித்தால் மூன்று வரிகள் முன்னேறினார் என்று பொருள். அதாவது முன்பு படிக்க முடிந்ததில் பாதி அளவே உள்ள எழுத்தையும் இப்போது படிக்க முடிகிறது. அமெரிக்க ஆய்வுகளில் 20/50 என்று வருவது நம் ஊர்க் கணக்கில் 6/15. உங்கள் அப்பாவின் வலக்கண் அதைவிடக் குறைந்த பார்வை கொண்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாமே இனி அந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

நீங்கள் பார்த்த முதல் ஆய்வு 2015இல் வெளியான "புரோட்டோகால் டி" என்பதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 89 மையங்களில் 660 பேரைச் சேர்த்து, மருந்து நிறுவனங்களின் பணத்தில் அல்லாமல் அரசின் ஆராய்ச்சி நிதியில், டி.ஆர்.சி.ஆர். என்னும் ஆய்வு வலையமைப்பு நடத்தியது. மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்ததில், ஓராண்டு முடிவில் சராசரி முன்னேற்றம் அஃப்லிபெர்செப்ட்டுக்கு 13.3 எழுத்துகள், ரானிபிஸுமாபுக்கு 11.2, பெவாசிஸுமாபுக்கு 9.7 என்று வந்தது. விற்பனைப் பிரதிநிதிகளின் பளபளப்பான தாள்களில் இந்த மூன்று எண்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஆனால் அந்தச் சராசரி இரண்டு வேறுபட்ட கூட்டங்களை ஒன்றாகக் கலந்த கலவை. தொடக்கத்தில் பார்வை 6/12 வரை நன்றாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தால், மூன்று மருந்துகளுக்கும் முன்னேற்றம் 8.0, 8.3, 7.5 எழுத்துகள், அதாவது வேறுபாடே இல்லை. 6/15 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களிடம் மட்டும் அஃப்லிபெர்செப்ட் 18.9, ரானிபிஸுமாப் 14.2, பெவாசிஸுமாப் 11.8 என்று இடைவெளி விரிகிறது. இரண்டாம் ஆண்டின் முடிவில் இதே குழுவில் அவை 18.1, 16.1, 13.3 ஆகி, இடைவெளி சுருங்கிவிட்டது. ஆகவே "விலை கூடியதே சிறந்தது" என்ற வாக்கியத்தின் சரியான வடிவம், "பார்வை ஏற்கெனவே குறைந்துள்ள கண்ணில், குறிப்பாக முதல் ஆண்டில், விலை கூடியது கூடுதலாக உதவியது" என்பதே. உங்கள் அப்பாவின் வலக்கண் அந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது இரண்டாவது ஆய்வு. 2022இல் வெளியான "புரோட்டோகால் ஏ.சி." அதே வலையமைப்பின் ஆய்வுதான், அதில் சேர்க்கப்பட்ட 312 கண்களும் 6/15 அல்லது அதற்குக் கீழான பார்வை கொண்டவை. பாதிக் கண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அஃப்லிபெர்செப்ட் கொடுத்தார்கள். மறு பாதிக்குப் பெவாசிஸுமாபில் தொடங்கி, 12ஆம் வாரம் முதல் ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்து, போதிய பலன் தெரியாத கண்களை அஃப்லிபெர்செப்ட்டுக்கு மாற்றினார்கள். இரண்டாண்டு முடிவில் முதல் குழு 15.0 எழுத்துகளும் இரண்டாம் குழு 14.0 எழுத்துகளும் முன்னேறியிருந்தன. இரண்டாண்டுக் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாம் குழுவில் 70 விழுக்காட்டுக் கண்கள் இடையில் மருந்து மாற வேண்டியிருந்தது. இதையும் சேர்த்துச் சொல்லாமல் "வேறுபாடு இல்லை" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

முதல் ஆய்வில், பெவாசிஸுமாப் குழுவில் விழுந்தவர் சுமாராக முன்னேறினாலும் அதிலேயே இருந்தார். இரண்டாவது ஆய்வில் அவர் மாற்றப்பட்டார். மருந்துகள் அவையேதான், விதிதான் வேறு. எனவே நீங்கள் மருத்துவரிடம் "எது நல்லது?" என்று கேட்பதைக் காட்டிலும், "மலிவானதில் தொடங்கினால், எந்த நாளில், எதை அளந்து, மாற்றலாமா என்று முடிவு செய்வீர்கள்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

இடக்கண்ணைப் பற்றி: 2019இல் வெளியான "புரோட்டோகால் வி" ஏறக்குறைய உங்கள் கேள்வியையே எடுத்துக்கொண்டது. மையத்தில் வீக்கம் இருந்தும் பார்வை 6/7.5 அல்லது அதைவிட நன்றாக இருந்த 702 பேரில், சிலருக்கு உடனே ஊசி, சிலருக்கு லேசர், சிலரைப் பார்வை இறங்கும்வரை காத்திருந்து கவனித்தல் என்று பிரித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 5 எழுத்துகளோ அதற்கு மேலோ இழந்தவர்கள் முறையே 16, 17, 19 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் மூன்றும் ஒன்றுதான். காத்திருந்த குழுவில் 34 விழுக்காட்டினருக்கு மட்டுமே பின்னர் ஊசி தேவைப்பட்டது. ஆனால் காத்திருத்தல் என்றால் வீட்டில் சும்மா இருத்தல் அன்று; குறித்த நாளில் போய், எழுத்து எண்ணி, ஸ்கேன் எடுத்து, இறங்கிய உடனே தொடங்குதல் என்று பொருள்.

பதில் 2: தஞ்சை மருந்தாளுநர்

மேலே எழுதியவர் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் தொடாத ஒன்று இருக்கிறது. பெவாசிஸுமாப் கண்ணுக்காகச் செய்யப்பட்ட மருந்தே அன்று. 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. "அவாஸ்டின்" என்றால் பலருக்கும் தெரியும். கண்ணுக்கென்று அதே நிறுவனம் உருவாக்கிய ரானிபிஸுமாப் 2006இல் அனுமதி பெறுவதற்கு முன்பே, 2005இல், மயாமியைச் சேர்ந்த பிலிப் ரோஸன்ஃபெல்டு என்ற மருத்துவர் அவாஸ்டினில் ஒரு துளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார், பலன் கிடைத்தது, உலகம் முழுவதும் பரவியது.

வயது முதிர்வால் வரும் விழித்திரைச் சிதைவுக்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டு, 2011இல் வெளியான சி.ஏ.டி.டி. ஆய்வில், மாதந்தோறும் ஊசி பெற்றவர்கள் ஓராண்டில் முறையே 8.0, 8.5 எழுத்துகள் முன்னேறினார்கள். அப்போது அமெரிக்காவில் ஒரு ஊசியின் விலை ஒன்று 50 டாலர், மற்றது 2,000 டாலர். தனது மலிவான மருந்தே விலை கூடிய மருந்துக்குப் போட்டி என்பதால் உற்பத்தியாளருக்கு இந்த ஒப்பீட்டில் ஆர்வம் இருக்கவில்லை. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம்தான் பொதுப் பணத்தில் அந்த ஆய்வை நடத்தியது. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் கண் மருந்தாகப் பெவாசிஸுமாபைச் சேர்த்தது. ஆக, மருந்தின் மூலக்கூறு மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை.

என் கவலை அது குப்பியிலிருந்து சிரிஞ்சுக்கு வரும் வழியைப் பற்றியது. ஒரு சிறிய குப்பியில் 4 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு கண்ணுக்குத் தேவையானது 0.05 மில்லிலிட்டர் மட்டுமே. எனவே ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிப்பு கிருமி நீக்கிய அறையில், முறையான காற்று வடிகட்டியின் கீழ் நடந்தால் பாதுகாப்பானது. இல்லையென்றால் ஒரு குப்பியின் கிருமி ஒரே நாளில் பல கண்களுக்குப் போகும். புரோட்டோகால் டி ஆய்விலும் சி.ஏ.டி.டி. ஆய்விலும் பெவாசிஸுமாப் முறையாகச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் பிரிக்கப்பட்டுத் தரம் சோதிக்கப்பட்டது. 2012இல் அமெரிக்காவிலேயே, மருந்துப் பொருளே இல்லாத போலி அவாஸ்டின் குப்பிகள் பிடிபட்டன. 2016 தொடக்கத்தில் குஜராத்தில் சிலருக்குக் கண் பாதிப்பு ஏற்பட்டதும், நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்ணுக்குள் இதைப் பயன்படுத்துவது குறித்து எச்சரிக்கை வெளியிட்டு, விழித்திரை மருத்துவர்களின் முறையீட்டுக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றது.

எனவே தம்பி, குப்பியை எங்கே பிரிக்கிறீர்கள், யார் பிரிக்கிறார்கள், குப்பியின் தொகுதி எண் நோயாளியின் சீட்டில் எழுதப்படுமா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் நல்ல மருத்துவமனை எதுவும் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்தான். ரானிபிஸுமாபின் உயிரியல் ஒப்புமருந்துகள், அதாவது அதைப் போலவே செயல்படும்படி வேறு நிறுவனங்கள் செய்பவை, 2015 முதல் இந்தியாவிலேயே தயாராகி, மூலமருந்தைவிடக் குறைந்த விலையில் கிடைக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் நான்காவது வரியாக அது இருந்திருக்க வேண்டும்.

பதில் 3: எண்ணும்எழுத்தும்

மருந்தாளுநர் சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அடுத்த பதிலில் யாராவது "மலிவான மருந்தால் மாரடைப்பு வரும்" என்று எழுதக்கூடும். சி.ஏ.டி.டி. ஆய்வில் மருத்துவமனையில் சேர நேர்ந்தது போன்ற கடுமையான உடல்நலக் கேடுகள் பெவாசிஸுமாப் பெற்றவர்களிடம் 24.1 விழுக்காடும் ரானிபிஸுமாப் பெற்றவர்களிடம் 19.0 விழுக்காடும் பதிவாயின. அதைப் படித்தவர்கள் மலிவானதைக் கண்டு அஞ்சினார்கள். பிறகு புரோட்டோகால் டி ஆய்வின் இரண்டாண்டுக் கணக்கில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ரானிபிஸுமாப் குழுவில் 12, பெவாசிஸுமாபில் 8, அஃப்லிபெர்செப்ட்டில் 5 விழுக்காடு என்று வந்தது. இப்போது அஞ்ச வேண்டியது வேறு மருந்து என்றாகிவிட்டது. ஓர் ஆய்வில் ஒன்றும் அடுத்த ஆய்வில் மற்றொன்றும் குற்றவாளி ஆனால், அங்கே தற்செயலின் கை இருப்பதாகவே நான் ஐயுறுவேன். இந்த ஆய்வுகள் கண்ணின் எழுத்தை எண்ணும் அளவுக்குப் பெரியவை. அரிதான இதய நோயை எடைபோடும் அளவுக்குப் பெரியவை அல்ல. இருந்தாலும் அப்பாவுக்கு அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, உங்கள் அப்பாவின் இடத்தில் ஆறு ஆண்டுகளாக இருப்பவள் நான். எண்களைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணுக்குள் ஊசி என்ற சொல்லே முதல் நாளில் என்னை உறங்கவிடவில்லை. உண்மையில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அயோடின் கரைசலால் கழுவி, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டுவார்கள். ஊசி வெள்ளை விழியின் ஓரத்தில் இறங்கும்போது ஒரு நொடி அழுத்தம் தெரியும், அவ்வளவே. அயோடின் எரிச்சல்தான் மாலைவரை தொந்தரவு செய்யும். சில நேரம் பார்வையில் கறுப்பு வட்டங்கள் மிதக்கும், ஒன்றிரண்டு நாளில் மறைந்துவிடும். ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது உள்ளே கிருமி புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில்தான் நடக்கும் என்றாலும், அந்த ஒன்று நம்முடையதாக இருந்தால் மணிக்கணக்கு முக்கியம்.

நான் எழுத வந்தது வேறு. முதல் ஆண்டில் எனக்கு எட்டு ஊசிகள் போட்டார்கள். நாளிதழை மறுபடியும் படிக்கத் தொடங்கினேன். கண்தான் தெரிகிறதே என்ற எண்ணத்தில், மகளின் பிரசவத்துக்குப் பெங்களூரு சென்று ஐந்து மாதங்கள் அங்கேயே தங்கிவிட்டேன். வீக்கம் சத்தமில்லாமல் திரும்பியிருந்தது. மறுபடியும் ஊசிகள் போட்டும், முன்பு எட்டிய வரியை நான் இன்றுவரை எட்டவில்லை. யார் மீதும் குறை சொல்ல முடியாது. மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள், நான்தான் "அடுத்த மாதம் வருகிறேன்" என்றேன். எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்க நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியையாவது, மாதாமாதம் அப்பாவை யார் அழைத்துச் செல்வது என்பதைத் தீர்மானிக்க எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட கண்ணோடு தனியாகப் பேருந்தில் வர முடியாது.

பதில் 5: ஆய்வகத்தோழி

அம்மா சொன்னது அவர் ஒருவருடைய அனுபவம் மட்டும் அன்று. புரோட்டோகால் டி ஆய்வு முடிந்த பின், பங்கேற்றவர்கள் தத்தம் மருத்துவரிடம் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பினார்கள்; ஐந்தாம் ஆண்டில் அவர்களை மீண்டும் அழைத்து அளந்தபோது, இரண்டாம் ஆண்டில் இருந்ததைவிடச் சராசரியாக 4.7 எழுத்துகள் இறங்கியிருந்தன. ஆய்வு நடந்தபோது நாள் தவறாமல் அழைத்தோ துரத்தியோ வரவழைக்க ஆள் இருந்தார்கள். அந்த ஆள்தான் நான். அதாவது, விழித்திரை ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். அதனால் ஆய்வில் சேர்வது குறித்த கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு நேர்மையான விடை, "ஆம், சோதித்துத்தான் பார்க்கிறார்கள், ஆனால் உங்கள் அனுமதியோடும், வெளியிலிருந்து கண்காணிப்போடும்" என்பதாகும். இப்போது நீரிழிவு விழித்திரை வீக்கத்துக்குப் பயனுள்ள மருந்துகள் இருப்பதால், புதிய மருந்துக்கான ஆய்வில் மறு குழுவுக்கு வெறும் தண்ணீரைக் கொடுப்பது வழக்கமில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு மருந்தைத்தான் கொடுப்பார்கள். புதியது பழையதைவிட மோசமில்லை என்று காட்டுவதே பல ஆய்வுகளின் இலக்கு. ஃபாரிசிமாப் என்ற மருந்துக்காக நடந்து, 2022இல் வெளியான யோசெமிட்டி, ரைன் என்ற இரண்டு ஆய்வுகளும் அப்படிப்பட்டவையே: அஃப்லிபெர்செப்ட்டுக்கு இணையான பார்வை, ஆனால் பலருக்கு 16 வாரம்வரை இடைவெளி விட்டு ஊசி. இடைவெளி வேறுபடுவதால் யாருக்கு எது என்று தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக, ஊசியில்லாத சிரிஞ்சைக் கண்ணின் மேல் வெறுமனே அழுத்தும் பொய் ஊசிகளும் உண்டு. இதைக் கேட்டு அப்பா ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அவருக்கும், எழுத்தை எண்ணுபவருக்கும் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்தால்தான் முடிவை நம்ப முடியும்.

இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்து ஆய்வும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய இணையதளம். ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நடக்கும் மையங்களின் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வு காரணமாக உடலுக்குக் கேடு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டியது ஆய்வை நடத்துபவரின் பொறுப்பு. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி அதில் இருக்கும். அந்த வரியை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். படிவத்தில் பெரும்பாலும் தெளிவாக இல்லாத ஒன்றை மட்டும் நேரில் கேளுங்கள்: ஆய்வு முடிந்த மறுநாளிலிருந்து ஊசிக்கு யார் பணம் தருவார்கள்?

பணம் என்றதும் ஓர் எச்சரிக்கை. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் அறிக்கையை எங்கள் பயிற்சி வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் படிப்போம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தனியார் நிலையத்தில், விழித்திரைச் சிதைவு இருந்த மூன்று பெண்களுக்கு, அவர்களது கொழுப்பிலிருந்து எடுத்த தண்டுசெல் (ஸ்டெம் செல்) என்று சொல்லி இரண்டு கண்களுக்குள்ளும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஒவ்வொருவரும் 5,000 டாலர் கட்டியிருந்தார்கள். அந்தச் சிகிச்சை அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருந்தது. மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். முறையான ஆய்வு பங்கேற்பவரிடம் பணம் வாங்காது; புதிய மருந்தை முதல் நாளே இரண்டு கண்களிலும் செலுத்தாது. இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பதில் 6: கொள்ளிடக்கரையான்

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் பல நடந்துவிட்டன.

சென்னைக்குப் போனோம். ஆய்வில் சேர்வதற்கான தொடக்கப் பரிசோதனையில் அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.8 விழுக்காடு என்று வந்தது. அவர்களது வரம்பு 10. தகுதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சேரலாமா வேண்டாமா என்று வீட்டில் நடந்த விவாதமெல்லாம் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு முன் நிற்கவில்லை. அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் பெண், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், ஆனால் மருத்துவர் சொல்லாமல் நாமாக ஒரேயடியாக இறக்கக் கூடாது, வேகமாக இறக்கினால் விழித்திரை நோய் சில காலம் மோசமாவதுண்டு என்று சொன்னார். அது சரியா?

திருச்சி மருத்துவரிடம் திரும்பிச் சென்று, ஐயா சொல்லிக் கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் சற்று வியந்து, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். வலக்கண்ணில் பெவாசிஸுமாபில் தொடங்குவது, 12ஆம் வாரத்தில் எழுத்தும் ஸ்கேனும் பார்த்து மாற்றுவதா என்று முடிவு செய்வது, இடக்கண்ணுக்கு ஊசியில்லாமல் ஒவ்வொரு முறையும் அளப்பது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். குப்பியின் தொகுதி எண்ணை எழுதவும் ஒப்புக்கொண்டார். மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை என் முறை, நான் ஊரில் இல்லாவிட்டால் தம்பியின் முறை.

பதில் 7: எண்ணும்எழுத்தும்

அவர் சொன்னது சரியே. 1993இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், முதல் வகை நீரிழிவு இருந்து விழித்திரை பாதிக்கப்படாதவர்களிடம், தீவிரமான சர்க்கரைக் கட்டுப்பாடு விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்தது; அதே ஆய்வில்தான், கட்டுப்பாட்டைத் திடீரென இறுக்கிய தொடக்க மாதங்களில் சிலரிடம் விழித்திரை சற்று மோசமாகிப் பின்னர் தேறியதும் பதிவாயிற்று. ஆகவே இறக்க வேண்டும், ஆனால் கண் மருத்துவருக்கும் தெரிந்தே இறக்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் அழுத்தத்தை இறுக்கிப் பிடித்த குழுவில் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது.

உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: தம்பிக்கும் சர்க்கரை இருக்கிறதா? சென்னையில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்திய கணக்கெடுப்பில், சர்க்கரை நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. பார்வை மங்காத காலத்திலேயே இது தொடங்கிவிடும் என்பதால் கேட்கிறேன்.

பதில் 8: கொள்ளிடக்கரையான்

தம்பிக்கு 38 வயது, சர்க்கரை வந்து இரண்டு ஆண்டுகள். கண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவோடு அவனையும் அழைத்துப் போகிறேன். கடைசியாக அப்பாவின் கேள்வி ஒன்று, ஆசிரியை அம்மாவுக்கு: ஊசி போட்ட மறுநாள் தலைக்குக் குளிக்கலாமா?

பதில் 9: ஓய்வுபெற்ற ஆசிரியை

எனக்குச் சில நாட்களுக்குக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். அதனால் கழுத்துக்குக் கீழே குளித்துக்கொள்வேன், முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வேன். எத்தனை நாள் என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டு, அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்க மட்டும் கூடாது. அது அவருக்குக் குளிக்காமல் இருப்பதைவிடக் கடினமாக இருக்கும்.